வரையறுப்பவர் யார்? மத்திகிரி எல்லையில் பாலினச் சொற்கள்

ஓசூர் மாநகராட்சியின் தென்பகுதி மத்திகிரி. ஒரு பெண் வேலைக்கு வந்தாள் என்பதைச் சொல்ல இங்கே ஒரே தெருவில் பல இலக்கணங்கள் உண்டு. தமிழில் ‘வந்தாள்’, கன்னடத்தில் ‘பந்தளு’. இரண்டிலும் வினைமுற்றே அவள் பெண் என்று சொல்லிவிடும். தெலுங்கில் ‘வச்சிந்தி’. ஆண் வந்தால் ‘வச்சாடு’ என்று தனி முற்று இருக்கிறது. பெண்ணுக்கும் பசுவுக்கும் ஒருமையில் முற்று ஒன்றுதான். ஒடிசாவிலிருந்து தொழிற்பேட்டைக்கு வந்தவர் ‘ஆசிலா’ என்பார். வந்தவர் ஆணா பெண்ணா என்பது அந்தச் சொல்லில் இல்லை, அதற்குரிய ‘சே’ என்னும் சுட்டுப்பெயரிலும் இல்லை. இந்தி பேசுபவருக்கோ தன்னைப் பற்றிச் சொல்லும்போதே பாலைச் சொல்லியாக வேண்டும்: ஆண் ‘ஆயா’, பெண் ‘ஆயீ’. ஜார்க்கண்டிலிருந்து வரும் தொழிலாளர்களில் முண்டாரியோ சந்தாலியோ தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு முக்கியமான பிரிவு உயிருள்ளது, உயிரற்றது என்பது. அவர்களுடைய சுட்டுப்பெயர்கள் ஆண், பெண் என்று பிரிவதில்லை.

இத்தனை மொழிக்காரர்களும் ஒரே பேருந்தில் ஏறுகிறார்கள், ஒரே ஆலைவாசலில் நிற்கிறார்கள், ஒரே வட்டாட்சியர் அலுவலகத்தில் படிவம் வாங்குகிறார்கள். ஆகவே பாலினத்தைப் பற்றிய சொற்கள் இயற்கையாகவே அமைந்தவை என்று மத்திகிரியில் நம்புவது கடினம். ஒவ்வொரு மொழியும் வேறு இடத்தில் கோடு கிழித்திருப்பது நாள்தோறும் காதில் விழுகிறது. மொழி கிழித்த கோடுகளின் மேல் சட்டமும் அரசாணையும் தங்கள் கோடுகளைக் கிழிக்கின்றன. அப்படி வரையப்பட்ட ஒரு சொல்லின் எல்லையை யார் குறித்தார், அந்தச் சொல்லுக்குள் வாழ்பவரா, அவரைப் பதிவு செய்பவரா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. பாலினத்தைப் பற்றிய பேச்சு எங்கே முறிகிறது, எங்கே நிலைக்கிறது என்பதை இந்தக் கேள்வியே பெரும்பாலும் தீர்மானிக்கிறது என்பது என் துணிபு.

மத்திகிரியின் பழைய அடையாளம் 1824இல் தொடங்கப்பட்ட கால்நடைப் பண்ணை. பண்ணை என்றால் காளை, பசு, கிடாரி என்று ஒவ்வோர் உயிரும் பாலோடுதான் ஏட்டில் ஏறும். தமிழ் இலக்கணம் அவற்றின் பாலைக் கேட்பதில்லை. காளையும் வந்தது, பசுவும் வந்தது. அஃறிணையில் ஒன்றா பலவா என்பது மட்டுமே கேள்வி. மனிதருக்கு வந்தவுடன் இலக்கணம் கறாராகிவிடுகிறது. உயர்திணை ஒருமையில் நிற்க ஆணாகவோ பெண்ணாகவோ இருக்க வேண்டும். இரண்டும் வேண்டாமென்றால் ‘அவர்’ என்னும் மரியாதைப் பன்மைக்குப் போக வேண்டும். மனிதர் என்ற தகுதியையும் ஆண், பெண் என்ற பிரிவையும் தமிழ் ஒரே முடிச்சில் கட்டியிருக்கிறது.

பழைய இலக்கண ஆசிரியர்கள் இந்த முடிச்சைக் கவனித்திருக்கிறார்கள். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத் தொடக்கத்திலேயே, ஆண்மை திரிந்து பெண்மை சுட்டும் பெயர்கள் பேசப்படுகின்றன. அவற்றுக்கெனத் தனி ஈறு இல்லை, உயர்திணைக்குரிய ஈறுகளையே கொள்ளும் என்பது அங்கே சொல்லப்படும் விதி. இலக்கணத்தின் வாசலிலேயே இவர்களுக்கு இடமுண்டு, மனிதராகவே இடமுண்டு.

நன்னூல் இன்னும் ஓரடி முன்னே செல்கிறது. பெண்மையை விட்டு ஆண்மையை விரும்பும் பேடு ஆண்பால் முடிபு கொள்ளும் என்றும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவது பெண்பால் முடிபு கொள்ளும் என்றும் பவணந்தி முனிவர் வகுக்கிறார். நூற்பாவில் அவர் ஆளும் வினை ‘அவாவுதல்’. முடிபு உடலைப் பார்த்துத் தீர்மானிக்கப்படவில்லை, ஒருவர் எதை அவாவுகிறார் என்பதைப் பார்த்துத் தீர்மானிக்கப்படுகிறது. இன்று திருநம்பி என்று நாம் சொல்பவரையும் திருநங்கை என்று சொல்பவரையும் தனித்தனியே கண்டு, இருவருக்கும் அவரவர் விரும்பிய வினைமுற்றைத் தரும் நூற்பா அது. பவணந்தியை ஆதரித்த சீயகங்கன், கோலார்ப் பகுதியோடு தொடர்புடைய கங்கர் மரபினன். அதாவது இந்த விதி தமிழும் கன்னடமும் கலந்து புழங்கிய நிலப்பகுதியோடு உறவுடையது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஓசூருக்கு வடகிழக்கே இருந்த ஓர் அரசவையோடு தொடர்புடைய நூலில் இது இருக்கிறது என்பது எனக்குப் பெருமை தருகிறது.

அதே நூற்பாவின் கடைசிப் பகுதி அந்தப் பெருமையோடு நிற்க விடுவதில்லை. இவ்விரு வகையும் அஃறிணை முடிபையும் ஏற்கும் என்று அது முடிகிறது. விருப்பத்தை மதித்த அதே கை, மனிதரல்லாதவற்றின் வரிசைக்கும் ஒரு வழி திறந்து வைத்திருக்கிறது. இன்று பேருந்து நிலையத்தில் ஒரு திருநங்கையைக் காட்டி ‘அது வருது பார்’ என்று சிலர் சொல்லும்போது நன்னூலை அவர்கள் படித்திருக்கமாட்டார்கள். அந்த வழி மட்டும் திறந்தே கிடக்கிறது.

பேச்சுத் தமிழில் ‘அது’ எப்போதும் இழிவுமல்ல. ‘எங்கம்மா சொல்லுச்சு’, ‘அக்கா வந்துச்சு’ என்பதில் இருப்பது உரிமையும் நெருக்கமும். ஒரே ஈறு உறவுக்குள் அன்பாகவும் தெருவில் அவமதிப்பாகவும் மாறுகிறது. அகராதியில் பொருள் எழுதிவிட்டால் சொல்லின் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் இந்த ‘உச்சு’வைக் கொஞ்சம் கேட்க வேண்டும்.

விருப்பத்தைக் கேட்ட இலக்கணத்துக்கு நேர் எதிரான வரையறை 1871இல் ஆங்கிலேய அரசின் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் வந்தது. வட இந்தியப் பகுதிகளை முதலில் குறிவைத்த அந்தச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, அலிகள் எனத் தான் கருதியவர்களைப் பதிவேட்டில் ஏற்ற ஆணையிட்டது. ஆண்மையற்றவர் என்று தாமே ஒப்புக்கொள்பவர், அல்லது மருத்துவச் சோதனையில் அப்படித் தெரிபவர் என்பது அதன் வரையறை. ‘ஒப்புக்கொள்ளுதல்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். குற்றவாளிதான் ஒப்புக்கொள்வார். ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதை வாக்குமூலமாக்கி, அவர் சொல்லாவிட்டால் மருத்துவர் சொல்வார் என்று எழுதிய சட்டம் அது. ஐதராபாத் நிஜாம் அரசும் 1919இல் இதே போக்கில் ஒரு சட்டம் இயற்றியது. தெலங்கானா உயர் நீதிமன்றம் அதை அரசமைப்புக்கு முரணானது என்று அறிவிக்க 2023 ஆக வேண்டியிருந்தது.

இதெல்லாம் எங்கோ நடந்தது என்று மத்திகிரியிலிருந்து சொல்ல முடியாது. எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளி. சுமார் 15 கிலோமீட்டர். அங்கே செல்லுபடியாகும் கர்நாடகக் காவல் சட்டத்தில் 2011இல் 36ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஐதராபாத் சட்டத்தின் வார்ப்பில், அதே இழிசொல்லோடு, சிறுவர்களைக் கடத்துவதாகவோ இயற்கைக்கு மாறான குற்றங்கள் செய்வதாகவோ சந்தேகிக்கப்படுபவர்களின் பெயரையும் இருப்பிடத்தையும் பதிவு செய்ய அது காவல்துறைக்கு அதிகாரம் தந்தது. கர்நாடகப் பாலினச் சிறுபான்மையினர் அமைப்பொன்று உயர் நீதிமன்றம் சென்றது. பின்னர் அரசு சட்டத்தைத் திருத்தியது. எப்படி? அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘நபர்’ என்று போட்டது. சொல் மாறியது, பதிவேடு வைக்கும் அதிகாரம் மாறவில்லை. மரியாதையான சொல் கிடைத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது என்று நம் மேடைகளில் பேசுபவர்களுக்கு இந்தத் திருத்தம் ஒரு கடுமையான பாடம். சந்தேகப்படும் அதிகாரத்தைத் தொடாமல் சந்தேகிக்கப்படுபவரின் பெயரை மட்டும் மாற்றினால், அடுத்த முறை அவரை அழைக்க ஒரு நாகரிகமான சொல் கிடைக்கும், அவ்வளவே.

தமிழ்நாட்டில் சொல்லை மாற்றியது பயன் தரவில்லை என்று இதற்குப் பொருளல்ல. அலி, ஒன்பது என்ற வசைகளிலிருந்து ‘அரவாணி’க்கு வந்தது பெரிய நகர்வு. கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவில் அரவானை மணக்கும் சடங்கிலிருந்து எழுந்த அந்தச் சொல் ஒரு கதையையும் ஒரு தெய்வத்தையும் தந்தது. அதிலேயே அதன் எல்லையும் இருந்தது. அரவானை வணங்காத இசுலாமியரும் கிறித்தவரும் இந்தச் சொல்லுக்குள் எப்படி நிற்பார்கள்? உருது பேசும் குடும்பங்கள் கணிசமாக வாழும் ஓசூரில் இது வெறும் தத்துவக் கேள்வியல்ல. ‘திருநங்கை’ இந்தச் சிக்கலைத் தாண்டியது. நம்பி, நங்கை என்பது பழந்தமிழ் இணை. இரண்டிலும் சிறப்புப் பொருள் உண்டு. மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது, இந்தியாவிலேயே முதன்முறையாக 2008 ஏப்ரல் 15 அன்று இவர்களுக்கு நல வாரியம் அமைந்தது. திருநங்கை என்ற சொல் அரசுச் சொல்லாக நிலைபெற்றது அந்தக் காலத்தில்தான். அந்த நாளே இன்று திருநங்கையர் நாள்.

சொல் வெற்றி பெற்றதால் வேறொரு குறை வந்தது. திருநங்கை என்பது எல்லோரையும் குறிக்கும் பொதுப்பெயராகப் பரவியது. பெண்ணாகப் பிறந்ததாகப் பதிவாகி ஆணாக வாழ்பவர் அதற்குள் மறைந்தார். ‘திருநம்பி’ என்ற சொல் அதன்பிறகே மெல்லப் பரவியது. நன்னூல் முதலில் வைத்தவர் நம் அரசு ஏடுகளுக்குக் கடைசியாகவே வந்து சேர்ந்தார். இடையில் ‘மூன்றாம் பாலினர்’ என்ற சொல்லை அரசு முன்னிறுத்தியபோது எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே எண்ணுகிறேன். மூன்றாவது என்று எண்ணத் தொடங்கினால் முதலாவது யார், இரண்டாவது யார் என்ற வரிசை வந்துவிடுகிறது. தன்னைப் பெண் என்றே உணர்பவருக்கு அந்த வரிசையில் மூன்றாம் இடம் எதற்கு?

2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறைப் பிரிவு தனி வாசிப்புக்குரியது. 2016இல் வந்த முன்வரைவு, முழு ஆணுமல்ல முழுப் பெண்ணுமல்ல என்ற பாணியில் இவர்களை வரையறுத்தது. இருப்பதைச் சொல்லாமல் இல்லாததைச் சொன்ன அந்த வரையறை கடுமையாக எதிர்க்கப்பட்டு நீங்கியது. 2019 வடிவம், பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்தோடு பொருந்தாதவர் என்று தொடங்கி, கின்னர், ஹிஜ்ரா, அரவாணி, ஜோக்தா என்று பண்பாட்டுப் பெயர்களைப் பட்டியலிட்டது. தமிழ்நாடு புழக்கத்திலிருந்து விலக்கிய அரவாணி தில்லியின் சட்டத்தில் இருந்தது, திருநங்கை அதில் இல்லை. தானே உணரும் பாலின அடையாளத்துக்கு உரிமை உண்டு என்று 4ஆம் பிரிவு சொன்னது. அடுத்த பிரிவுகளோ சான்றுக்கு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கச் சொல்லின. ஆண், பெண் என்ற சான்று வேண்டுமென்றால் அறுவை சிகிச்சைக்குரிய மருத்துவச் சான்றும் வேண்டும் என்றன. உரிமையைத் தந்த வரிக்கும் அதை அடையும் வழியைச் சொன்ன வரிக்கும் இடையில் 1871ஆம் ஆண்டின் மருத்துவர் மீண்டும் வந்து நின்றுகொண்டார்.

தண்டனையிலும் வரையறையின் கனம் தெரிகிறது. திருநர்மீது நிகழும் பாலியல் கொடுமைக்கு அந்தச் சட்டம் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை தண்டனை வைத்தது. ஒரு பெண்ணை வன்புணர்ந்தால் குறைந்தது பத்து ஆண்டு. ஒரு திருநங்கையைப் பெண் என்ற சொல்லுக்குள் காவல் நிலையம் சேர்த்துக்கொள்கிறதா என்பதைப் பொறுத்து, அவர் உடலுக்கு நேர்ந்த ஒரே கொடுமையின் எடை மாறுகிறது.

இனி இரு மாநிலங்களின் எல்லை. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. பாலினத்தைத் தானே அடையாளம் கண்டு சொல்லும் உரிமையை அது ஏற்றது. இவர்களைச் சமூக, கல்வி நிலையில் பின்தங்கிய வகுப்பினராகக் கருதி இடஒதுக்கீடு தரவும் சொன்னது. ‘வகுப்பு’ என்ற அந்த ஒரு சொல்லை ஓசூரின் இரு பக்கமும் இரு விதமாக வாசித்தன.

தமிழ்நாடு 2015இல் ஓர் அரசாணை வழியாகத் திருநங்கையரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்தது. சாதிகளின் பட்டியலில் ஒரு பாலினம் ஏறியது. பட்டியல் சாதியில் பிறந்த திருநங்கை தன் சாதிக்குரிய ஒதுக்கீட்டில்தான் போட்டியிட வேண்டியிருந்தது; திருநங்கையாக அவர் பட்ட துன்பத்துக்கு அங்கே கணக்கில்லாமல் போனது. கர்நாடகம் சங்கமா அமைப்பு தொடுத்த வழக்கைத் தொடர்ந்து 2021இல் தன் பணி நியமன விதிகளைத் திருத்தி, ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் 1 விழுக்காட்டைத் திருநருக்குக் கிடைமட்டமாக ஒதுக்கியது. அதன்படி தலித் திருநங்கை தலித்தாகவும் திருநங்கையாகவும் ஒருசேர எண்ணப்படுகிறார். மத்திகிரியில் வாழும் ஒருவர் அத்திப்பள்ளியில் பிறந்திருந்தால் அவருக்கு இரண்டு அடையாளங்களும் இருந்திருக்கும். இங்கே ஒன்றுதான் கணக்கில் வந்தது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அரசாணையை ரத்து செய்தது. பாலினத்தைச் சாதியாக நடத்த முடியாது என்று காட்டி, கிடைமட்ட ஒதுக்கீட்டை வலியுறுத்தியது. சமூகநீதியில் முன்னோடி என்று நாம் சொல்லிக்கொள்ளும் மாநிலம் இதில் அண்டை மாநிலத்துக்குப் பின்னால் நின்றது. இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது.

இந்த எல்லையைச் சொற்களும் மனிதர்களும் எப்போதும் தாண்டியே வந்திருக்கிறார்கள். எழுத்தாளர் அ. ரேவதி நாமக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து புறப்பட்டு, பெங்களூரில் சங்கமாவில் பணியாற்றியவர். அவர் தொகுத்த ‘உணர்வும் உருவமும்’ நூலில் தமிழ்த் திருநங்கையர் தம் வாழ்வைத் தாமே சொன்னார்கள். குரு, சேலா, ஜமாத், கோத்தி என்று சமூகம் தனக்குள் புழங்கும் சொற்களுக்கு மாநில எல்லை இல்லை. கன்னடத்தில் மங்களமுகி, ஜோகப்பா, ஜோகதி என்று வேறு பெயர்கள். 2021இல் பத்மஸ்ரீ பெற்ற மஞ்சம்மா ஜோகதி எல்லம்மா வழிபாட்டு மரபிலிருந்து வந்தவர். கர்நாடக அரசு பயன்படுத்தும் ‘லிங்கத்வ அல்பசங்க்யாதரு’, அதாவது பாலினச் சிறுபான்மையினர் என்ற தொடர், மதத்தையும் தெய்வத்தையும் தொடாமல் எண்ணிக்கையையும் அதனால் வரும் உரிமையையும் பேசுகிறது. எங்கள் ‘திரு’வில் மரியாதை இருக்கிறது. அவர்களுடைய ‘சிறுபான்மை’யில் ஒரு கோரிக்கை இருக்கிறது. இரண்டும் வேண்டும்.

ஆலைவாசலுக்கு வருவோம். அண்மை ஆண்டுகளில் ஓசூரை ஒட்டிய டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையும் போச்சம்பள்ளியில் ஓலா ஆலையும் பெண்களைப் பெருமளவில் வேலைக்கு எடுத்தன. தன் ஆலையைப் பெண்களே நடத்துவார்கள் என்று ஓலா 2021இல் அறிவித்தது. தொழில் வட்டாரத்தில் ‘பெண்’ என்ற சொல்லுக்கு இவ்வளவு தேவை முன்பு இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பெண்ணை இரவில் வேலை செய்யக் கூடாதவராக வரையறுத்திருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் அந்தத் தடையை நீக்கியது. கழிப்பிடம் ஆண், பெண் என்று இரண்டாக இருக்க வேண்டும் என்றது அதே சட்டம். 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு அதை ஆண், பெண், திருநர் என்று மூன்றாக்கியது. முன்னேற்றம்தான். ஆனால் பெண் என்று சான்று பெற்ற திருநங்கை எந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்பதை மேற்பார்வையாளரிடம் விட்டுவிட்டால், மூன்றாவது கதவு அவரைப் பெண்களிடமிருந்து பிரிக்கும் கதவாகிவிடும்.

காவல்துறையில் இது ஏற்கெனவே நடந்து பார்த்த கதை. கரூரில் பெண் காவலராகத் தேர்வாகிப் பணியிலிருந்த ஒருவர், மருத்துவச் சோதனையில் பெண்ணல்ல என்று குறிக்கப்பட்டு வெளியேற்றப்பட்டார். பிறந்தது முதல் பெண்ணாகவே வாழ்ந்தவரைப் பெண் என்று சொல்லிக்கொள்ள விடாமல் தடுக்க மருத்துவச் சான்றுக்கு அதிகாரமில்லை என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. சேலத்தின் பிரித்திகா யாஷினி உதவி ஆய்வாளர் தேர்வுக்கு விண்ணப்பித்தபோது படிவத்தில் அவருக்கான கட்டமே இல்லை. 2015இல் வழக்கில் வென்று, பின்னர் தருமபுரி மாவட்டத்தில் பணியேற்றார். மத்திகிரி அடங்கிய கிருஷ்ணகிரியும் 2004 வரை அந்த மாவட்டத்தின் பகுதிதான்.

இதே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல், இந்துத் திருமணச் சட்டத்தின் ‘மணமகள்’ என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்றது. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் தன்பாலீர்ப்புள்ள இரு பெண்களின் வழக்கை விசாரித்தபோது, தனக்கே இதில் தெளிவு வேண்டும் என்று உளவியல் ஆலோசகரிடம் அமர்ந்து கற்றார். அவர் தூண்டுதலால் தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு சொற்களஞ்சியத்தை அரசிதழில் வெளியிட்டது. ‘ஓரினச் சேர்க்கை’ என்ற பழைய செய்தித்தாள் சொல் செயலை மட்டுமே பேசியது. ‘தன்பாலீர்ப்பு’ மனதைப் பேசுகிறது. ‘அவாவுதல்’ என்ற நன்னூல் வினைக்கு அருகில் வருகிறது. அந்தக் களஞ்சியத்தைச் சமூகத்தினரோடு கலந்து உருவாக்கியதே அதன் பலம்.

வரையறுப்பவர் யார் என்ற கேள்வி எண்ணிக்கையிலும் எழுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதன்முறையாக ஆண், பெண்ணோடு ‘மற்றவர்’ என்ற குறியீடும் இருந்தது. நாடு முழுவதும் 4,87,803 பேர். தமிழ்நாட்டில் 22,364, கர்நாடகத்தில் 20,266. இந்த மொத்தத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் மட்டும் 54,854 பேர். நான்கு வயதுக் குழந்தை தன்னை மற்றவர் என்று சொல்லியிருக்காது, பெற்றோர் சொல்லியிருப்பார்கள். வளர்ந்தவர்களைப் பற்றியும் பதில் தருபவர் பெரும்பாலும் குடும்பத் தலைவரே. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட திருநங்கையைத் தந்தை மகன் என்று எழுதச் சொல்லியிருக்கலாம், அல்லது வீட்டில் அப்படி ஒருவரே இல்லை என்றிருக்கலாம். கணக்கெடுப்பாளர் தாமாகப் பாலைத் தீர்மானிக்கக் கூடாது, பதில் தருபவர் சொல்வதைக் குறிக்க வேண்டும் என்பது அன்றைய அறிவுரை. பதில் தருபவர் யார் என்பதை அந்த அறிவுரை தொடவில்லை. அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. மத்திகிரியின் ஒரு வீட்டில் தெலுங்கில் கேட்டு, தமிழில் குறித்து, அடுத்த வரிசை வீட்டில் ஒடியா பேசும் நால்வரிடம் இந்தியில் கேட்கப்போகும் அந்தக் கணக்கெடுப்பாளருக்கு ஒரு கூடுதல் அறிவுரை வேண்டும்: பாலினக் கட்டத்துக்கு மட்டுமாவது, வயதுவந்த ஒவ்வொருவரையும் தனியே அழைத்து அவர் வாயால் கேளுங்கள். பயிற்சிக் கையேட்டில் இரண்டு வரி சேர்த்தால் போதும்.